வைத்தியநாதரும் வால்வும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் ரஸ்தாவில் மடவார் வளாகம் என்று ஓர் இடம் இருப்பது அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்குள்ள கோவில் சாமிக்கு வைத்தியநாதர் என்று பெயர். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கருக்கு எந்த வைத்தியராலும் தீர்க்க முடியாத வயிற்று வலி இருந்ததாகவும், அதை இந்தச் சாமி தீர்த்து வைத்ததாகவும் தலபுராணம் சொல்லுகிறது. துணையில்லாமல் வழியில் பிரசவ வேதனைப்பட்ட ஒரு கர்ப்பிணிக்கு இந்தச் சாமியே தாயார் வேஷத்தில் வந்து பிரசவம் பார்த்ததாக இன்னொரு கதையும் உண்டு. ஆகவே வயிற்று நோய்க்காரர்களும், பிள்ளைப்பேறு வேண்டுபவர்களும், அவர்களோடு மற்ற நோய்க்காரர்களும் அங்கே போய் வேண்டிக்கொள்வது வழக்கமாயிருக்கிறது.

நாயக்கர் வயிற்றைப் பற்றி எழுத நாம் வரவில்லை. அவர் போய் மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அவருக்கு இருந்தது என்ன நோய், எதைச் சாப்பிட்டுத் தீர்ந்தது, அல்லது தானாகவே தீர்ந்ததா என்று பரிசோதிக்க இனி வழியில்லை. நாம் எழுத வந்தது, இருதயத்தில் வால்வு கெட்டு, அதற்கு ஆபரேஷன் செய்துகொண்டு, பிழைத்து, ஊருக்குத் திரும்பி, பிறகு அய்ந்து வருஷமோ பத்து வருஷமோ கழித்துச் செத்துப்போகிறவர்களைப் பற்றியாகும். அவர்களில் பலர் அப்படிச் சாக வேண்டிய அவசியமே இல்லாதவர்கள். இந்த வியாதி பெண்களிடத்தில் அதிகம். மடவார் என்ற சொல்லுக்கே பெண்கள் என்றுதான் பொருள். ஆகையால் மடவார் வளாகத்தை வைத்து இதைப் பேசுவது பொருத்தமென்றே கருதுகிறோம்.

முதலில் வியாதி எப்படி வருகிறது என்று பார்ப்போம். அய்ந்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள குழந்தைக்குத் தொண்டை வலி வருகிறது. அது ஒரு குறிப்பிட்ட கிருமியினால் வந்ததாயிருந்து, சரியான மருந்து கொடுக்கப்படாமல் போனால், சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சலும், ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும் வீக்கமும் வலியும் வரும். கிருமியைக் கொல்லுவதற்காக உடம்பு தயாரித்த ஆயுதம் தன் சொந்த இருதயத்தையே தாக்குவதுதான் இதில் உள்ள விபரீதம். மூட்டு வலி போய்விடும், பெற்றவர்களும் மறந்துவிடுவார்கள். இருதய வால்வில் ஏற்பட்ட புண் ஆறி, தழும்பாகி, இறுகி, பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, அந்தப் பெண் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது மூச்சு வாங்குவதாக வெளியே தெரியும்.

இது ஏழைகளின் வியாதி. ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருமினால் மற்ற பிள்ளைகளுக்கும் தொற்றும். காற்றோட்டமான வீடும் பென்சிலினும் வந்த பிறகு அய்ரோப்பாவில் இந்த வியாதி அநேகமாக மறைந்தே போய்விட்டது. அங்கே எந்தச் சாமியும் புதிதாக அவதாரம் செய்துவிடவில்லை. இங்கோ ராஜபாளையத்து மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும், காட்டு வேலைக்குப் போகிறவர் பிள்ளைக்கும் அது வரத்தான் செய்கிறது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறி ஓட்டுகிறவர்கள் ஊர் ஊராக உள்ள ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குத் துணி கொடுக்கிறவன் வீட்டுக்கு ஆஸ்பத்திரி வருவதில்லை.

வால்வு என்பது கதவு. இருதயத்துக்குள் இரத்தம் ஒரே திசையில் போவதற்காக நாலு கதவுகள் இருக்கின்றன. அவை நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகின்றன. இடது பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கதவுதான் இந்த வியாதியில் அதிகமாகக் கெடுகிறது. ஒன்று, ஒட்டிக்கொண்டு திறக்காமல் போகும், அல்லது சுருங்கி மூடாமல் போகும், இரண்டுமாகவும் ஆகும். ஒட்டியதைப் பிரித்து, ஓரத்தைத் தைத்து, வளையம் ஒன்றைப் பொருத்தி, இருக்கிற கதவையே பழுதுபார்ப்பது ஒரு முறை. பாரிசைச் சேர்ந்த கார்ப்பென்டியர் என்ற டாக்டர் இந்தத் தையல் வித்தையை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிக் கொடுத்தார். பழுதுபார்க்க முடியாதபடி கெட்டுப்போயிருந்தால், உலோக வால்வையோ, பன்றியின் வால்வையோ, மாட்டின் இருதய உறையில் தைத்த வால்வையோ வைத்து மாற்றுவது மற்றொரு முறை. மாட்டைத் தின்றவன் தெருவில் நடந்தாலே தீட்டு என்று சொன்ன பரம்பரையில் வந்த வைதீகர்களும் இன்றைக்கு மாட்டுத் தோல் கதவை மார்புக்குள் வைத்துக்கொண்டு சவுக்கியமாக இருக்கிறார்கள். இருக்கட்டும், நீடூழி வாழட்டும்.

இந்த வித்தை எப்படி வந்தது என்பதை நம் ஜனங்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1925-ம் வருஷம் மே மாதம் லண்டனில் சௌட்டர் என்ற டாக்டர், ஓர் இளம்பெண்ணின் இருதயத்துக்குள் தன் விரலை விட்டு, ஒட்டியிருந்த கதவைத் திறந்தார். அவள் பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு அந்த டாக்டரிடம் இந்தச் சிகிச்சைக்காக ஒரு நோயாளியைக்கூட மற்ற டாக்டர்கள் அனுப்பவில்லை. ஏனென்றால், கோளாறு இருதயத் தசையில்தான், வால்வில் இல்லை என்று ஒரு பெரிய டாக்டர் முன்னமே சொல்லி வைத்துவிட்டார். பெரியவர் சொல்லிவிட்டார் என்பதற்காக மற்றவர்கள் நோயாளிகளைச் சாகவிட்டுக்கொண்டிருந்தார்கள். 1948-ல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வேறு சிலர் துணிந்து செய்து காட்டும்வரை 23 வருஷம் வீணாயிற்று. வேதவாக்கு என்று ஒன்றை ஒப்புக்கொள்ளும் புத்தி கோவிலில் மட்டும்தான் இருக்கிறது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. லண்டன் ஆஸ்பத்திரிகளிலும் இருந்தது. ஆனால் அங்கே அதை உடைக்க வழியும் இருந்தது.

சௌட்டர் கைவைத்த அந்தப் பெண் பிறகு என்னவானாள்? சில வருஷங்கள் வாழ்ந்து, மூளை இரத்தக் குழாயில் கட்டி அடைத்து இறந்துபோனாள். அதாவது, உலகத்தில் இந்த ஆபரேஷனுக்கு உட்பட்ட முதல் பெண்ணே, ஆபரேஷனால் சாகாமல், ஆபரேஷனுக்கு நெடுநாள் கழித்து வந்த தொல்லையால் செத்தாள். நூறு வருஷத்துக்குப் பிறகு இன்றைக்கும் நம் நாட்டுப் பெண்கள் அதே வழியில் சாகிறார்கள் என்பதுதான் நம்முடைய வருத்தம். அன்றைக்கு அதைத் தடுக்க மருந்து கிடையாது. இன்றைக்கு இருக்கிறது.

பின் ஏன் சாகிறார்கள்? ஆபரேஷனை அற்புதமென்று நினைப்பதால்தான் என்று நாம் சொல்லுகிறோம். நேர்த்திக்கடன் செலுத்துகிறவன் மொட்டையடித்துக்கொண்டால் கணக்குத் தீர்ந்தது. அதற்கப்புறம் சாமிக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை. அதே புத்தியோடு ஆஸ்பத்திரிக்கும் போகிறான். மார்பைப் பிளந்தார்கள், தைத்தார்கள், “மறுபிறவி எடுத்துவிட்டாள்” என்று சொந்தக்காரர்கள் அழுது சிரித்தார்கள், தேங்காய் உடைத்தாயிற்று. ஆகவே வியாதி தீர்ந்தது என்று முடிவு செய்துவிடுகிறான். கடவுள் ஸ்தானத்தில் டாக்டரை வைத்துவிட்டானே ஒழிய, டாக்டர் சொன்ன வார்த்தையைக் காதில் வாங்கவில்லை. டாக்டர்களிலும் சிலருக்கு அந்த ஸ்தானம் பிடித்துத்தான் இருக்கிறது. இல்லாவிட்டால், வீட்டுக்கு அனுப்பும்போது எழுத்து வாசனை இல்லாத தகப்பனார் கையில் அவருக்குத் தெரியாத பாஷையில் நாலு பக்கம் எழுதிக் கொடுத்து, “எல்லாம் இதில் இருக்கிறது” என்று சொல்லுவார்களா?

உண்மை என்னவென்றால், கெட்ட கதவு சீராயிற்றே தவிர, கதவைக் கெடுத்த வியாதி வீட்டை விட்டுப் போய்விடவில்லை. தொண்டைக் கிருமி மறுபடியும் வந்தால் காய்ச்சல் மறுபடியும் வரும். பழுதுபார்த்த வால்வு மறுபடியும் சுருங்கும். ஆகவேதான் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை 12 லட்சம் அலகு பென்சிலின் ஊசியை, பத்து வருஷமாவது, அல்லது நாற்பது வயது வரையிலாவது, இரண்டில் எது அதிகமோ அதுவரைக்கும் போட வேண்டும், சிலருக்கு ஆயுள் பரியந்தம் வேண்டும் என்று சொல்லுகிறார்கள். ஆபரேஷன் ஆன பிறகும் இதை நிறுத்தக் கூடாது. ஆபரேஷன் ஆகிவிட்டதே, இனி ஊசி எதற்கு என்று கேட்பது, ஓட்டை அடைத்தாயிற்றே இனிக் கூரையை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பது போலாகும்.

அடுத்தது இரத்தக் கட்டி. உலோக வால்வு வைத்தவர்களுக்கு அதன்மேல் இரத்தம் உறையும். வால்வைப் பழுது மட்டும் பார்த்துக்கொண்டவர்களுக்கும், மேலறை வீங்கித் துடிப்பு தாளம் தவறிப்போயிருந்தால் அங்கே இரத்தம் தேங்கி உறையும். உறைந்த துண்டு மூளைக்குப் போனால் ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிடும். இதைத் தடுக்கத்தான் வார்பரின், அசிட்ரோம் என்ற மாத்திரைகள். கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் சாவதைக் கண்டு, அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த சரக்கு இது. முதலில் எலி மருந்தாக விற்றது. இதை யாரோ ஒருவர் சொல்லக் கேட்டு, “எலி மருந்தையா எனக்குக் கொடுக்கிறார்கள்?” என்று மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுகிறவர்களும் உண்டு. ஆம் அய்யா, எலி மருந்துதான். அளவு தப்பினால் உமக்கும் எலியின் கதிதான். அதற்காகத்தான் மாதத்துக்கு ஒரு தடவையாவது இரத்தத்தைப் பரிசோதித்து, அய்.என்.ஆர். என்ற கணக்கைப் பார்க்கச் சொல்லுகிறார்கள். இடது பக்கத்து நடுக்கதவில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு அந்தக் கணக்கு சாதாரணமாக 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழே போனால் கட்டி. மேலே போனால் இரத்தப் போக்கு. மார்கழி நோன்பென்று பட்டினி கிடந்தாலும், திடீரென்று தினம் ஒரு கட்டுக் கீரை தின்றாலும், சதுரகிரி மூலிகை என்று யாராவது கொடுத்ததை வாங்கிக் குடித்தாலும் அந்தக் கணக்கு மாறும். கீரை கெடுதல் அல்ல. ஒரு வாரம் தின்று ஒரு வாரம் விடுவதுதான் கெடுதல். மூலிகை விஷயம் வேறு. அதில் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது.

புதிதாக வந்த விலை உயர்ந்த மாத்திரைகளுக்கு இந்தப் பரிசோதனைத் தொந்தரவு இல்லையே, அதைச் சாப்பிடலாமே என்று காசுள்ளவர்கள் கேட்பார்கள். அதையும் பரிசோதித்துப் பார்த்தாகிவிட்டது. இந்தியா உட்பட 24 தேசங்களில், இதே காய்ச்சலால் வால்வு கெட்டுத் துடிப்பு தாளம் தவறிய 4,500-க்கு மேற்பட்டவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குப் புது மாத்திரையும் ஒரு கூட்டத்துக்குப் பழைய மாத்திரையும் கொடுத்துப் பார்த்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். பழைய மலிவான மாத்திரை சாப்பிட்டவர்களில்தான் சாவு குறைவு. உலோக வால்வு உள்ளவர்களுக்கு வேறொரு புது மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த பரிசோதனையோ, கெடுதல் அதிகமென்று கண்டு பாதியில் நிறுத்தப்பட்டு 2013-ல் வெளியாயிற்று. புதியது எல்லாம் நல்லது என்பதும் ஒரு மூடநம்பிக்கைதானே!

மூன்றாவது தொல்லை காய்ச்சல். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இதிலேதான். பழுதுபார்த்த வால்விலும், வைத்த வளையத்திலும், மாற்று வால்விலும் கிருமி வந்து குடியேறக்கூடும். பெரும்பாலும் வாயிலிருந்துதான், சொத்தைப் பல்லிலிருந்தும் ஈறுப் புண்ணிலிருந்தும்தான் இரத்தத்தில் கலந்து அங்கே போகிறது. முதலில் லேசான காய்ச்சல், பசியின்மை, களைப்பு, சாயங்காலம் குளிர். பக்கத்துக் கடையில் ஒரு மாத்திரை, நாலு நாள் தேவலை, மறுபடியும் காய்ச்சல். அப்புறம் வேப்பிலை, விபூதி, தாயத்து. அதற்கும் போகவில்லையானால் ஒரு டாக்டர், அவர் கிருமிநாசினி ஊசி ஒன்றைப் போட்டு அனுப்புகிறார். அந்த ஊசியில் கிருமி சாகாது. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்க்கும்போது இன்ன கிருமி என்று அகப்படாமல் ஒளிந்துகொள்ளும். இப்படி ஒரு மாதம் போவதற்குள் வால்வு அரிக்கப்பட்டுத் தையல் விட்டுப்போகும். ஆகவே வால்வு ஆபரேஷன் ஆனவர்களுக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், எந்தக் கிருமி மருந்தும் தொடுவதற்கு முன்னால் இரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை, நோயாளியும், மருந்துக் கடைக்காரரும், ஊர் டாக்டரும் தெரிந்துகொண்டாக வேண்டும். வளையமோ மாற்று வால்வோ உள்ளவர்கள் பல் பிடுங்குவதற்கு முன், அதைப் பல் டாக்டரிடம் சொல்லி, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்னதாக அதற்குரிய மருந்தைச் சாப்பிட்டுவிட வேண்டும். இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு உயிர் போவது பல் தேய்க்காததாலா என்று சிரிக்க வேண்டாம். ஆம், அப்படியும் போகிறது.

இவை தவிர, வருஷக்கணக்கில் கழித்து வலது பக்கத்துக் கதவு தளர்ந்து வயிறும் காலும் வீங்குவது உண்டு. மாட்டு வால்வும் பன்றி வால்வும் பத்துப் பதினைந்து வருஷத்தில் தேய்ந்துபோவதும், இளவயதுக்காரர்களிடம் இன்னும் சீக்கிரம் தேய்வதும் உண்டு. வருஷத்துக்கு ஒரு எக்கோ எடுத்துப் பார்த்தால் இவை முன்கூட்டியே தெரியும். போன வருஷம் சதுரகிரி மலை ஏறினவள் இந்த வருஷம் மாடிப்படி ஏற முடியவில்லை என்றால், அது கண் திருஷ்டி அல்ல.

“இதென்ன, உங்கள் விஞ்ஞானமும் இப்படித்தானா? ஆபரேஷனுக்கு மேல் ஆபரேஷன், மாத்திரைக்கு மேல் மாத்திரை; எங்கள் வைத்தியநாதர் ஒரே தடவையில் நாயக்கருக்குக் குணப்படுத்தவில்லையா?” என்று பக்தர்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் ஸ்டான்லி ஜான் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும், வால்வை விரித்துவிட்ட 3,724 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேருக்கு வால்வு மறுபடியும் சுருங்கியது என்பதையெல்லாம் 1983-ல் உலகறியப் பிரசுரித்தார்கள். அதாவது தங்கள் தோல்வியைத் தாங்களே எண்ணிக் கணக்குக் காட்டினார்கள். திருவனந்தபுரத்தில் சித்திரைத் திருநாள் ஆஸ்பத்திரியில் வலியத்தான் என்ற டாக்டரின் தலைமையில் இந்திய வால்வு ஒன்றைச் செய்யப் புகுந்தபோது முதல் மாதிரிகள் தோற்றன. ஏன் தோற்றன என்று பார்த்துத் திரும்பத் திரும்பச் செய்து, கடைசியில் தேறின மாதிரியை 1990 டிசம்பரில் முதல் தடவையாக ஒரு மனிதனுக்கு வைத்தார்கள். இன்றைக்கு அந்த வால்வு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மார்பில் வேலை செய்கிறது. பணத்தாசை பிடித்த கம்பெனிகள் செய்த தப்பும் உண்டு. 1979 முதல் 1986 வரை விற்பனையான ஒரு வெளிநாட்டு வால்வின் கம்பி, உடம்புக்குள்ளேயே ஒடிந்து பலரைக் கொன்றது. அதை எண்ணினார்கள், விற்பனையை நிறுத்தினார்கள், கோர்ட்டுக்கு இழுத்தார்கள்.

மடவார் வளாகத்தில் அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறதா? வந்தவர் இத்தனை பேர், குணமானவர் இத்தனை பேர், குணமாகாமல் போய்ச் செத்தவர் இத்தனை பேர் என்று தலபுராணத்தில் ஒரு வரியாவது உண்டா? நாயக்கர் ஒருவருடைய பெயர் இருக்கிறது. அதே வருஷத்தில் அதே வயிற்று வலியோடு வந்து சன்னதியிலேயே படுத்து உயிர் விட்ட குடியானவன் பெயர் எங்கே? பிழைத்தவனை மாத்திரம் எழுதி, செத்தவனை எழுதாமல் விட்டால் எந்தக் கடையும் வைத்தியசாலைதான்.

“சாமியையும் கும்பிட்டுக்கொண்டு மாத்திரையும் சாப்பிட்டால் உமக்கென்ன நஷ்டம்?” என்று சாதுவான சிலர் கேட்பார்கள். எமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ஊசியைத் தேதி தவறாமல் போட்டுக்கொண்டு, மிச்ச நேரத்தில் கும்பிடுகிறவரோடு இந்த விஷயத்தில் நமக்குச் சண்டையே கிடையாது. ஆனால் குணத்துக்குப் பெயர் சாமிக்கும், வந்த தொல்லைக்குப் பழி டாக்டருக்கும் என்று பாகப்பிரிவினை செய்தால், அடுத்தபடியாக நடப்பது மாத்திரையை நிறுத்துவதுதான். சாமிதான் காப்பாற்றினார் என்று நம்புகிறவனுக்கு மாத்திரை எதற்கு?

இனிப் பெண்களின் சங்கதிக்கு வருவோம். கல்யாணமாகாத பெண்ணுக்கு வால்வு கெட்டால், டாக்டர்கள் கூடுமானவரை மாற்றாமல் பழுதுபார்க்கவே முயல்கிறார்கள். பழுதுபார்த்தது சில வருஷத்தில் திரும்பக் கெடலாம் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். காரணம், உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுவதும் இரத்தம் உறையாத மாத்திரை வேண்டும். அந்த மாத்திரை கர்ப்பத்தின் ஆறாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை சிசுவின் எலும்பையும் முகத்தையும் கெடுக்கக்கூடும். அதற்காகத் திடீரென்று நிறுத்தினாலோ, வால்வில் இரத்தம் உறைந்து தாய் சில மணி நேரத்தில் செத்துப்போகலாம். கர்ப்பத்தில் உடம்பின் இரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகுவதால், சுருங்கிய வால்வு உள்ளவளுக்கு அதுவரை தெரியாத மூச்சுத் திணறல் அப்போதுதான் தெரியும். இதையெல்லாம் கர்ப்பமாவதற்கு முன்பே டாக்டரோடு பேசி, எப்போது மாத்திரையை மாற்றி ஊசி போடுவது, பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில் என்று திட்டம் செய்துகொண்டால் அநேகர் சுகமாகப் பெற்றெடுக்கிறார்கள்.

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? மார்பில் உள்ள தழும்பை மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாமல் மறைத்துக் கல்யாணம் செய்துவிடுகிறார்கள். கட்டிக்கொடுத்த வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். இரத்தப் பரிசோதனைக்கு என்ன சொல்லிக்கொண்டு போவது? மூன்று வாரத்துக்கு ஒருதரம் ஊசிக்கு எப்படிப் போவது? ஆகவே நின்றுபோகிறது. நாலாம் மாதமே “இன்னும் விசேஷமில்லையா?” என்ற கேள்வி, வைத்தியநாதர் சன்னதிக்கு ஒரு நடை. இந்த மாத்திரையால் மாதவிலக்கில் இரத்தம் அதிகமாகப் போகும். அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய சேதி. நம் வீட்டிலோ அது தீட்டு; யாரிடமும் வாய் திறக்கக் கூடாத சேதி. இரத்தச் சோகை பிடித்து இருதயம் இன்னும் தவிக்கிறது. அவள் செத்தால் “விதி” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு, காரியம் முடிந்த அடுத்த முகூர்த்தத்தில் மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். மார்பில் தழும்புள்ள ஆணுக்குப் பெண் கொடுக்க யோசிக்காத ஊர், அதே தழும்புள்ள பெண்ணைச் சேதாரச் சரக்காகப் பார்க்கிறவரைக்கும் இந்த மறைப்பு ஒழியாது. பிள்ளை பெறுவதா வேண்டாமா, எப்போது பெறுவது என்பதை, இருதயம் யாருடையதோ அவள் முடிவு செய்ய வேண்டும். தாயாராக வேஷம் போட்டு வரும் சாமியை நம்பி, வேஷம் போடாத தாயாரைச் சாகவிடுகிற தேசத்தில் இதைச் சொல்லுவதற்குத் துணிச்சல் வேண்டியிருக்கிறது.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. 2009-ல் ஆரம்பித்து, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடந்து வரும் ஏற்பாட்டினால் ஏழைக் குடும்பங்களுக்கும் வால்வு ஆபரேஷன் கிடைக்கிறது. பணமில்லாமல் செத்துக்கொண்டிருந்தவர்கள் பிழைக்கிறார்கள்; இதை யார் செய்திருந்தாலும் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் லட்சக்கணக்கில் செலவு செய்து பிழைக்கவைத்த ஒருத்தியை, சொற்பக் காசில் முடியும் இரத்தப் பரிசோதனைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு 75 கிலோமீட்டர் தூரத்திலுள்ள மதுரைக்கு அலையவைத்தால், முதலில் செலவழித்த பணத்துக்கே அர்த்தமில்லாமல் போகிறது. தாலூக்கா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் அய்.என்.ஆர். பரிசோதனை இலவசமாக, அன்றைக்கே முடிவு தெரியும்படி இருக்க வேண்டும். அந்தத் தாலூக்காவில் வால்வு ஆபரேஷன் ஆனவர்கள் யார் யார் என்று ஒரு பதிவேடு இருந்து, தேதிக்கு வராதவர் வீட்டுக்கு நர்ஸ் போய்க் கேட்க வேண்டும். என்ன ஆபரேஷன், என்ன மாத்திரை, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று தமிழில் எழுதிய சிறு சீட்டு ஒன்றை நோயாளி மடியில் கட்டிக்கொள்ளும்படி கொடுத்தனுப்ப வேண்டும். பென்சிலின் என்றால் ஒவ்வாமை வந்துவிடுமோ என்று பயந்து போட மறுக்கும் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், அந்த ஆபத்து எவ்வளவு அபூர்வம், வந்தால் உடனே போட வேண்டிய மருந்து எது என்று கற்றுக்கொடுத்து, அந்த மருந்தையும் பக்கத்திலேயே வைத்துவிட்டால், ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஊசி போட்டுவிடலாம்.

கோவில் திருவிழாவுக்குப் பஞ்சாங்கம் பார்த்துத் தேதி தவறாமல் போகிற ஜனங்களுக்கு இருபத்தொரு நாளைக்கு ஒரு தேதியை ஞாபகம் வைத்துக்கொள்வது ஒன்றும் பிரமாதமல்ல. வீட்டில் ஆபரேஷன் ஆன பெண்ணோ பையனோ இருந்தால், இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, கடைசியாக ஊசி போட்ட தேதி எது என்று இப்போதே கேட்டுப் பாருங்கள். இருபத்தொரு நாள் தாண்டியிருந்தால் நாளைக் காலையில் அழைத்துக்கொண்டு போங்கள்.